ஹாலில் படுத்திருந்த டீச்சர்கள்

நான் இரண்டாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறையில் அம்மாவுக்குச் செங்கல்பட்டில் ஐந்து நாள் பயிற்சி போட்டார்கள். திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் அவள் டீச்சர். தமிழும் கணக்கும் நடத்துகிறவர்களே இனிமேல் ஓவியம், பாட்டு, உடற்பயிற்சி, உடல்நலம் எல்லாவற்றையும் சொல்லித்தர வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. கைக்குழந்தையாக இருந்த தம்பியைச் சின்னம்மா வாங்கிக்கொண்டாள். என்னை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாததால் நானும் பயிற்சிக்குப் போனேன்.

முதல் இரண்டு நாள் வேடிக்கையாகத்தான் இருந்தது. பிள்ளைகளை அதட்டியே பழகிய டீச்சர்கள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கோ-கோ ஆடினார்கள். காகிதத் தட்டில் புலி முகம் செய்து, யாருடைய புலி அழகு என்று சண்டை போட்டார்கள். அம்மாவின் புலிக்கு ஒரு காது பெரிதாகப் போய்விட்டது.

மூன்றாம் நாள் மதியம் நான் வெளியே புங்க மரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஹாலிலிருந்து சத்தமே வரவில்லை. நாற்பது டீச்சர்கள் இருக்கிற இடத்தில் சத்தம் இல்லை என்பதே ஒரு மாதிரியாக இருந்தது. ஜன்னல்களையும் சாத்தியிருந்தார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த ஆயா, "உள்ள போவாத பாப்பா, எல்லாரும் படுத்துக்கினு கீறாங்க" என்றாள். அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து நுழைந்துவிட்டேன்.

கண்ணுக்கு இருட்டு பழகியதும் தரை முழுக்க ஆட்கள் தெரிந்தார்கள். எல்லோரும் மல்லாந்து, கைகளை விரித்து, அசையாமல் கிடந்தார்கள். ஃபேன் காற்றில் முந்தானைகள் மட்டும் அசைந்தன. மூலையில் நின்ற பயிற்சி சார் தாலாட்டுவது போலச் சொல்லிக்கொண்டிருந்தார். "இப்போ உங்களுக்குக் கால் இல்ல. கை இல்ல. வீடு இல்ல. உங்களுக்குப் பேருகூட இல்ல."

நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன். காலையில் எனக்குக் கடலை மிட்டாய் கொடுத்த டீச்சரைக்கூட அடையாளம் தெரியவில்லை. கடைசி வரிசையில் அம்மாவின் பச்சைப் புடவை இருந்தது. புடவை அம்மாவுடையது, முகம் வேறு யாருடையதோ. நெற்றியில் ஒரு சுருக்கம்கூட இல்லை. உதட்டில் லேசாகச் சிரிப்பு.

தோளைத் தொட்டேன். கண்ணைத் திறந்து என்னை நிதானமாகப் பார்த்தாள்.

"யாரும்மா நீங்க? யாரைத் தேடுறீங்க?"

என்னை 'இன்னாடி' என்று கூப்பிடுகிற அம்மா, பள்ளியில் புதிதாகச் சேர வருகிற பிள்ளைகளிடம்தான் அப்படிப் பேசுவாள். அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தேன்.

சாயங்காலம் பஸ்ஸில் சீட்டின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தேன்.

"இன்னாடி, தள்ளிக் குந்திக்கினு கீற?" என்றாள். குரல் அம்மாவுடையதுதான். அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"நான் எங்க வுழுந்து பல்லு ஒடச்சிக்கினேன்? சொல்லு."

"பால்வாடி வாசப்படில. இன்னாத்துக்குக் கேக்கற?"

"மத்தியானம் என்னப் பாத்து யாருன்னு கேட்டியே."

"நானா? நீ எப்படி உள்ள வந்த?" என்று சிரித்தாள். பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் இன்னும் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டேன்.

அந்த வருடம் அப்பாவுக்குக் கம்பெனி வேன் ஓட்டும் வேலை; பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். அம்மா விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சமைத்து, துவைத்து, தம்பியைச் சின்னம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்குப் போவாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் வெறுந்தரையில் கொஞ்ச நேரம் சாய்வாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காப்பேன். மூச்சு சீராகி, நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கும். உடனே தோளைப் பிடித்து உலுக்குவேன்.

"நான் யாரு? சொல்லு, நான் யாரு?"

அவள் ஒருமுறைகூடத் திட்டியதில்லை. "எம் பொண்ணுடி" என்று சொல்லிவிட்டு எழுந்து, முடியை அள்ளி முடிந்துகொண்டு, மாவுக்கு அரிசி களையப் போய்விடுவாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அம்மாவைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் நான் விளையாடப் போவேன்.