எர்த் கம்பிக்குப் பதிலாக ஒரு சோடி செருப்பு

1. திங்கட்கிழமை: குசினியில் ஈரக்கையோடு ரைஸ் குக்கரைத் தொட்ட என் மனைவிக்குக் கரண்ட் அடித்தது. கீழ்வீட்டில் வசிக்கும் வீட்டுச் சொந்தக்காரரிடம் முறையிட்டேன்.

2. புதன்கிழமை: ஆள் அனுப்புவதாகச் சொன்னவர், ஒரு சோடி ரப்பர் செருப்பை அனுப்பினார்.

3. வெள்ளிக்கிழமை, இன்று காலை: நானே மின்பணியாளரை அழைத்தேன். பிளக் பொயின்டில் மூன்று துளைகளும் இருக்கின்றன. எர்த் கம்பி மட்டும் நிலத்துக்குப் போகாமல், சுவருக்குள் வெட்டி மடிக்கப்பட்டிருக்கிறது.

படியிறங்கிச் சென்று அதைச் சொன்னேன்.

“சேர், எங்கட உம்மா இருவது வருஷம் அந்தக் குசினியிலதான் ஆக்கினாங்க. கரண்ட் அடிச்சா மௌத்தானாங்க? சீனி வருத்தத்துலதானே. செருப்பப் போட்டுட்டுத் தொடச் சொல்லுங்க.”

பின்னேரம் கட்டுகஸ்தோட்டையில் வேறு வீடு பார்க்கப் போனோம். அங்கும் குசினியில், குக்கருக்கு நேர் கீழே, தேய்ந்த ரப்பர் செருப்பு ஒரு சோடி கிடந்தது. மனைவி உடனே வெளியே வந்துவிட்டாள். இனி எங்கே போய்த் தேடுவது என்று எனக்கும் தெரியவில்லை.

வீட்டுச் சொந்தக்காரர் இங்கே முகநூலில் என் நண்பர் பட்டியலில் இருக்கிறார். ஐயா, எர்த் கம்பி எப்போது இணைக்கப்படும் என்பதைத் திங்கள் மாலை ஐந்து மணிக்குள் எழுத்தில் அறியத்தரவும். என் பதிவுகளுக்குத் தாங்கள் வழமையாக இடும் கட்டைவிரல் குறி பதிலாக ஏற்கப்பட மாட்டாது.