குற்றமெல்லாம் என் காலில்

கார் இழுக்கவில்லை என்று நான் சொன்னபோது வீட்டில் யாரும் வண்டியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள். நாற்பதைத் தாண்டி லைசென்ஸ் எடுத்தவள் சொன்னால் அப்படித்தான். "கிளட்ச் மேலயே கால வெச்சுட்டு ஓட்டுனா எப்படி அம்மணி இழுக்கும்?" என்றார் என் வீட்டுக்காரர். பல்லடத்தில் எங்களுக்கு விசைத்தறி. எந்தத் தறி நின்றாலும் அதை ஓட்டுகிறவரைத்தான் முதலில் முறைப்பார். வீட்டிலும் அதே சட்டம்.

எனக்கு நன்றாகவே தெரியும், இது காலில் இருக்கிற கோளாறு இல்லை. வாங்கின புதிதில் லேசாக மிதித்தாலே பாய்ந்த வண்டி அது. இப்போது மேம்பாலம் ஏறுவதற்குள் பின்னால் வருகிற டவுன் பஸ்காரர் ஹாரன் அடித்தே என் மானத்தை வாங்கிவிடுகிறார்.

"பேசாம இத வித்துப்போடலாம். உங்கம்மாவ நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார் ஒரு நாள். அன்னூரில் இருக்கும் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கை எழவில்லை. வாராவாரம் கோயமுத்தூருக்குப் பயிற்சிக்கு அழைத்துப் போக வேண்டும். இவருக்கு ஒழிகிற நேரத்தை நம்பிப் பாதி வாரங்கள் போகாமலே விட்டுப்போனது. அதனால்தான் நான் ஓட்டவே கற்றுக்கொண்டேன். விரல் இப்போதுதான் மடங்க ஆரம்பித்திருந்தது. வண்டி போனால் அந்தக் கையும் போனது போலத்தான்.

ஆகவே எல்லாரையும் சந்தேகப்பட்டேன். பங்க்கில் தண்ணீர் கலக்கிறார்களோ என்று பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்துப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது. கொழுந்தனார் உடுமலைப்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்கு வண்டியை வாங்கிப் போயிருந்தார். சொந்தத்தில் கேட்டால் இல்லையென்று சொல்ல முடியுமா? நல்ல சாமானைக் கழற்றிவிட்டு மட்டமானதை மாட்டிவிட்டாரோ என்று பானெட்டைத் திறந்து வெகுநேரம் முறைத்தேன். எது நல்லது எது மட்டம் என்று எனக்கென்ன தெரியும்! வீடியோக்களைப் பார்த்து ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினேன். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்று சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தேன். நான்கும் ஒரே சூடு.

கடைசியில் மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைத்தேன். அவர் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். நேரே என் வீட்டுக்காரரிடம் போய் ஏதோ மெதுவாகப் பேசினார். நான் கிட்டே போனதும் பேச்சு நின்றது. "வண்டி நல்லாத்தானுங்க்கா இருக்குதுங்க. நீங்க கொஞ்சம் கியரப் பார்த்து மாத்துனாப் போதுமுங்க" என்றார். எங்கள் ஊரில் பொய் சொல்லும்போது 'ங்க' இரண்டு கூடவே விழும். அன்றைக்கே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போகும்போது, முன்னால் கோழி ஏற்றிய லாரி ஊர்ந்தது. எதிரே காலியாக இருந்தது, அதை முந்த வலப்பக்கம் ஏறிவிட்டேன். பாதி லாரியைத் தாண்டியபோது தூரத்தில் பஸ் தெரிந்தது. தரையோடு மிதித்தேன். வண்டி வேகமெடுக்கவில்லை. பிரேக்கை மிதித்து லாரிக்குப் பின்னால் ஒடுங்குவதற்குள் பஸ் உரசுகிற மாதிரி போனது. "கண்ணு!" என்றாள் அம்மா.

அம்மாவைப் பயிற்சிக்கு உள்ளே விட்டுவிட்டு வெளியே வண்டியில் உட்கார்ந்து யோசித்தேன். கிளட்ச் வழுக்கினால் இன்ஜின் கத்தும், வண்டி போகாது. ஆனால் அப்போது இன்ஜின் கத்தவே இல்லையே. அப்படியானால் நான் மிதித்தது அதற்குப் போய்ச் சேரவில்லை. கீழே குனிந்து ஆக்சிலேட்டரைக் கையால் அமுக்கினேன். பாதியில் நின்றது. அவர் புதிதாக வாங்கிப் போட்ட தடித்த கால்மிதியைத் தூக்கினேன். அடியில் ஒரு பிக்கர், தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவை அடித்துத் தள்ளுகிற கட்டை. தறி நூலை முறுக்கி ஆக்சிலேட்டருக்கு அடியில் இறுக்கமாகக் கட்டியிருந்தது. அந்த முடிச்சைப் போடுகிற கை எதுவென்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து அதை அவர் முன்னால் வைத்தேன். அவர் மறுக்கவில்லை.

"உன்ற நல்லதுக்குத்தான் அம்மணி. வேகமாப் போயி எங்கயாச்சும் உட்டுப்போட்டீன்னா?"

"மெக்கானிக்குக்குத் தெரியுமுங்களா?"

"நாந்தான் சொல்ல வேண்டாமுன்னேன்."

நான் பெட்ரோலைப் பாட்டிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டு, அவர் தம்பியையே திருடனாக நினைத்துக்கொண்டு அலைந்ததையெல்லாம் இந்த மனிதர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதுதான் தாங்கவில்லை.

"எதுக்க பஸ் வந்துச்சுங்க. அம்மா பக்கத்துல இருந்தாங்க. தரையோட மிதிச்சேனுங்க. போகல" என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. அன்று இரவு சாப்பிடவில்லை. நானும் சாப்பிடச் சொல்லவில்லை.

வண்டியை விற்கிற பேச்சு அதோடு முடிந்தது. அம்மா இப்போது டம்ளரைப் பிடிக்கிறாள். வண்டியும் நன்றாக இழுக்கிறது. ஆனாலும் ஏறுவதற்கு முன் குனிந்து கால்மிதிக்கு அடியில் கையை விட்டுத் துழாவிப் பார்ப்பேன். அவர் தறிக்கூடத்து வாசலில் நின்று பார்ப்பார். முதலில், "இனி வெக்க மாட்டேன், நம்பு அம்மணி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது சொல்வதில்லை. நான் துழாவி முடிக்கும்வரை நின்றுவிட்டு உள்ளே போய்விடுகிறார்.