பின்கதவுக் கயிறு

என் வண்டியின் பின்கதவுக் கயிற்றை இருதயமேரி அவிழ்த்துவிட்டு நாலு வருஷம் ஆகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

பழைய ஆம்னி வேன். பின்கதவு பூட்டு பிடிக்காது. இரண்டு தடவை மாற்றிப் பார்த்தும் பிடிக்கவில்லை. நைலான் கயிறு போட்டு பம்பரோடு இழுத்துக் கட்டியிருப்பேன். எங்கள் காலனி லூசியாவுக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று துணைக்கு வந்தவள் இருதயமேரி. நான் வண்டியைக் கிளப்புகிற நேரம் பார்த்து, பின்னால் போய் அந்த முடிச்சை உருவிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி வந்து ஏறிக்கொண்டாள். காணை ஊரைத் தாண்டி ஒரு ஸ்பீட் பிரேக்கர். கதவு வாயைப் பிளந்தது. ஸ்டெப்னி உருண்டு கரும்புக் கொல்லைக்குள் போய்விட்டது. ஜாக்கி மேல் பின்னால் வந்த டிராக்டர் ஏறியது. ஸ்டெப்னியைத் தேடி எடுத்தேன். ஜாக்கி போனது போனதுதான்.

"அறிவு இருக்குதா உனக்கு?" என்று கேட்டேன்.

"உன் ஜாக்கி பெருசா, லூசியா புள்ள பெருசாண்ணா?" என்றாள்.

அன்று சாயங்காலமே லூசியாவுக்குப் பெண் பிறந்தது. அதோடு இவள் கட்சி ஜெயித்த மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பெண் தெருவில் ஓடினால் என்னைக் கூப்பிட்டு, "தோ போவுது பாருண்ணா உன் ஜாக்கி" என்பாள்.

காலனியில் யாருக்காவது மாசம் நெருங்கினால் இருதயமேரியின் கை சும்மா இருக்காது. வலி எடுத்த வீட்டுக்குள் யாரையும் கேட்காமல் நுழைவாள். பெட்டி, பீரோ, அரிசி டப்பா, ஊறுகாய் பாட்டில் என்று கண்ணில் பட்டதையெல்லாம் திறந்து வைப்பாள். மூட்டையின் வாயை அவிழ்ப்பாள். துணி காயப்போடுகிற கொடியை அவிழ்ப்பாள். மாட்டை அவிழ்த்து, அதைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு ஆளைப் போடுவாள். பிள்ளை வெளியே வருகிற நேரத்தில் அந்த வீட்டைச் சேர்ந்தது எதுவும் மூடியிருக்கக் கூடாது, கட்டியிருக்கக் கூடாது. மற்ற பெண்களுக்கும் இந்த வழக்கம் உண்டு. அவர்கள் பெயருக்கு ஒரு பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவார்கள். இவள் அப்படி விடமாட்டாள்.

ஒல்லி ஆள். முழங்கைவரை கரும்புச் சோகை இலை கிழித்த கோடுகள். முடியைக் கொண்டை போடமாட்டாள், ஒரு பெரிய பிளாஸ்டிக் கிளிப்தான். முந்தானையில் எதையும் முடிந்து வைக்கமாட்டாள். சில்லறை, மாத்திரை, பஸ் டிக்கெட் எல்லாம் ஜாக்கெட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருக்கும். வேனில் ஏறினால் பாதி வழியில் குதிக்கப் போகிறவள் மாதிரி சீட்டு நுனியில் உட்காருவாள். வீட்டுக்குப் பூட்டு கிடையாது. கேட்டால், "திருடன் வந்தா இன்னா எடுப்பான்? கேப்பை மாவு இருக்குது. கூழு காச்சிக் குடிச்சிட்டுப் போவட்டும்" என்பாள்.

ஏன் இப்படி என்று ஒருநாள், மல்லாட்டை ஆய்கிற இடத்தில் கேட்டேன். கை நிற்காமல் கடலைச் செடியிலிருந்து காயை உருவிக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு மொதல்ல ஒரு பையன்ண்ணா. உள்ளயே மாட்டிக்கினான். செத்துதான் வெளிய வந்தான். வூட்டுக்கு வந்து பாக்கறேன், ட்ரங்குப் பொட்டி பூட்டிக்கினு கெடக்குது. சாவி எங்க இருக்குது? என் இடுப்புல."

"பொட்டி பூட்டுனதுக்கும் புள்ள செத்ததுக்கும் இன்னா சம்மந்தம்?"

"சம்மந்தம் இருக்குதா இல்லியான்னு எனக்குத் தெரியாதுண்ணா. தொறந்து வெச்சிட்டா, தொறக்காம வுட்டுட்டமேன்ற யோசனையாவது இருக்காது இல்ல?"

ஒரு கை மல்லாட்டையை அள்ளிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

இந்த வருஷம் கரும்பு வெட்டு நடக்கிற சமயத்தில் அவள் மகள் அன்புச்செல்வி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். புருஷன் தென்னரசு திண்டிவனத்தில் துணிக்கடையில் வேலை செய்கிறான். ஷூ போட்டுக்கொண்டு கண்ணாடிக் கதவைத் திறந்துவிடுகிற வேலை. மகள் வந்த நாளிலிருந்து இருதயமேரி கரும்பு வெட்டினாளே தவிர, கட்டு கட்டவில்லை. வெட்டின கரும்பை அதன் சோகையையே முறுக்கிக் கட்டாகக் கட்டிப் போட வேண்டும். அந்த வேலையைப் பக்கத்து ஆள் தலையில் தள்ளிவிடுவாள். மேஸ்திரி முத்துசாமி, "உன் பொண்ணு பெத்து எழுந்திரிக்கறதுக்குள்ள என் லோடு காஞ்சி வெறகா ஆயிடும்" என்று கத்துவார்.

"கத்துங்க மேஸ்திரி. உங்க வாயாவது தொறந்து இருக்குது" என்பாள்.

அவளுடைய செபமாலை நூலில் முடிச்சு முடிச்சாகப் போட்டுப் பின்னியது. அதைக் கொண்டுபோய் மாதா காலடியில் வைத்துவிட்டு, விரல் கணுவில் எண்ணி செபம் சொன்னாள்.

இவ்வளவு செய்தும் வலி அவள் சொன்னபடி வரவில்லை. காலையில் இடுப்பு வலி என்று பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்த்தார்கள். உச்சிவேளைக்குள் பிறந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கர்ப்பப்பை வாய் பாதி திறந்து அப்படியே நின்றுவிட்டது. பனிக்குடம் உடைந்து தண்ணீர் பச்சையாக வந்தது. பிள்ளை உள்ளேயே மலம் போய்விட்டது, துடிப்பும் இறங்குகிறது, பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும் என்றார்கள். 108 வேறு கேஸுக்குப் போயிருந்தது. வாசலில் என் வண்டி நின்றது. ஒரு நர்ஸும் கூட ஏறினார்.

பின் சீட்டை மடக்கி, பாய் போட்டு, அன்புச்செல்வியை இடது பக்கமாகப் படுக்க வைத்தோம். அவள் கால் பின்கதவை முட்டியது. கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். இருதயமேரி அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள்.

"அவுக்கலண்ணா. கதவு தொறந்துக்கினா பொண்ணு வெளிய வுழுந்துடுவா."

அவள் தெரிந்தே விட்டுவைத்த முடிச்சு அது ஒன்றுதான். வழி முழுக்க அவள் மகள் முகத்தைப் பார்க்கவில்லை. பின்கதவு இடுக்கில் தெரிந்த அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

விழுப்புரத்துக்குள் நுழையும்போது லாரியும் பஸ்ஸும் அடைத்துக்கொண்டு நின்றன. ஹாரனில் வைத்த கையை நான் எடுக்கவில்லை.

"எம்மா, வலி நின்னுபோச்சும்மா" என்றாள் அன்புச்செல்வி.

நர்ஸ் சட்டென்று அவள் வயிற்றில் கை வைத்தார். இருதயமேரி, "நிக்கலடி. அதுக்கும் மூச்சு வாங்குது இல்ல, செத்த நேரம் நின்னு வரும்" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். உதட்டில் ரத்தம் இல்லை.

"மாமா, இன்னும் எவ்ளோ தூரம்?" என்று மகள் என்னைக் கேட்டாள்.

"வந்துட்டோம்மா" என்றேன். அப்போது நாங்கள் பஸ் ஸ்டாண்டைக்கூடத் தாண்டவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிற்பதற்குள் இருதயமேரி குதித்து, ஓடிவந்து, கயிற்றை அவிழ்த்தாள். நகம் பெயர்ந்தது. ஸ்ட்ரெச்சர் வந்தது. பார்த்த உடனே ஆபரேஷன் என்றார்கள். அன்புச்செல்விக்குப் பச்சை அங்கியை மாட்டி, தியேட்டர் நர்ஸ் முதுகுப் பக்கம் நாடாவை முடிச்சுப் போடப் போனபோது இருதயமேரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கட்டாத சிஸ்டர். உன் கால்ல வேணா வுழறேன்."

"கட்டலன்னா அவுந்துடும்மா. நகருங்க, நேரம் இல்ல."

"அவுந்தா அவுந்துட்டுப் போவட்டும் சிஸ்டர்."

அந்த நர்ஸ் நாடாவைக் கட்டாமல் உள்ளே சொருகிவிட்டு, "போதுமா?" என்று கேட்டுவிட்டு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார். இருதயமேரி பின்னாலேயே போய், தியேட்டர் கதவில் கை படுகிற தூரத்தில் நின்றாள். உள்ளே போகிற டாக்டர்களின் முகக்கவசக் கயிற்றையெல்லாம் பார்த்தாள். அவர்களிடம் ஒன்றும் கேட்க முடியவில்லை.

தென்னரசு திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்து, கடைச் சட்டையோடு ஓடி வந்தான். "இன்னா ஆச்சுத்த?" என்று கேட்டான். அவள் அவன் காலடியில் குந்தி, இரண்டு ஷூ நாடாவையும் அவிழ்த்துவிட்டாள்.

"அத்த, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும் மாப்ள. நடக்காதீங்க, தடுக்கும். இப்டி உக்காருங்க."

எழுந்து சுற்றிலும் பார்த்தாள். யாரோ பெஞ்சில் வைத்திருந்த டிபன் பாக்ஸின் மூடியைத் திறந்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். அதற்குமேல் அங்கே ஒன்றும் இல்லை. என் பக்கம் திரும்பினாள்.

"வண்டியப் பூட்டிட்டியாண்ணா?"

"பின்ன, திறந்து போட்டுட்டு வருவாங்களா? இங்க வுட்டா டயரக் கூட உருவிக்கினு போயிடுவானுங்க."

"போயி தொறந்து வையேண்ணா. நீ பக்கத்துலயே நில்லு."

அந்த ஜாக்கி எனக்கு ஞாபகம் வந்தது. வாய்வரை ஒரு வார்த்தை வந்தது. அவள் பெயர்ந்த நகத்தை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு நின்றாள். சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

முன்கதவுகள், இழுப்புக் கதவு, பின்கதவு, டேஷ்போர்டு பெட்டி, பெட்ரோல் மூடி எல்லாவற்றையும் திறந்தேன். பானட்டையும் தூக்கி நிறுத்தினேன். அதை அவள் சொல்லவில்லை. வாட்ச்மேன் வந்து, "ரிப்பேராப்பா?" என்றார். ஆமாம் என்றேன். "இன்னாத்துல கோளாறு?" என்றார். தெரியவில்லை என்றேன். பிரசவக் கேஸுக்கு எத்தனையோ தடவை அங்கே வந்து நின்றிருக்கிறேன். அதுவரை டீ குடித்துவிட்டு, சீட்டில் சாய்ந்து தூங்கியவன்தான். அன்று என்னால் உட்கார முடியவில்லை.

தென்னரசு போன் செய்தான். "மாமா, பையன். அழல மாமா. தூக்கிக்கினு ஓடறாங்க." போன் கட்டாகிவிட்டது. நான் பானட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அவன்தான். "அழுதுட்டான் மாமா. கத்தறான். குழந்தைங்க வார்டுல வெச்சிப் பாக்கறாங்களாம்."

எனக்கு மூச்சு வந்தது. பெட்ரோல் மூடியை மூடப் போனேன். கை நின்றுவிட்டது. அன்புச்செல்வியைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அப்போதுதான் இருதயமேரி வந்தாள். செருப்பு இல்லை. கிளிப் கழன்று முடி முகத்தில் கிடந்தது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, தூரத்திலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

"மூடுண்ணா. ஜல்தி மூடு."

"இன்னாம்மா ஆச்சு?"

"ரத்தம் நிக்கலயாம். கர்ப்பப்பை சுருங்க மாட்டேங்குதாம். கொட்டிக்கினே இருக்குதாம்." இழுப்புக் கதவைத் தள்ளினாள். "புள்ள வந்ததும் மூடியிருக்கணும். எனக்குத் தோணவே இல்ல. எல்லாத்தையும் தொறந்து வுட்டவ நாந்தானே?"

"டாக்டருங்க பாக்கறாங்க இல்ல, நீ ஏன்—"

"மூடுண்ணா."

மூடினேன். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பானட்டை இறக்கினேன். பெட்ரோல் மூடியை அவள் திருகினாள். திருகிவிட்டு மறுபடியும் திருகிப் பார்த்தாள். டேஷ்போர்டு பெட்டி பிடிக்காமல் திறந்து திறந்து கொண்டது. அதை உள்ளங்கையால் அறைந்து மூடினாள். முன்கதவுகளையும் சாத்திவிட்டுக் கடைசியில் இரண்டு பேரும் பின்கதவுக்கு வந்தோம்.

கயிற்றைக் கையில் எடுத்தாள். பம்பரில் சுற்றினாள். வாழ்நாள் முழுக்கக் கரும்புக்கட்டு கட்டின கை அது, ஒரு முடிச்சுப் போட வரவில்லை. நுனி நழுவி நழுவி விழுந்தது.

"நீ கட்டுண்ணா. இறுக்கிக் கட்டு."

நான் வாங்கி, காலை பம்பரில் முட்டுக்கொடுத்து இழுத்தேன். முதல் முடிச்சுப் போட்டதும் அது தளர்ந்துவிடாமல் இருக்க, நகம் பெயர்ந்த விரலை அதன் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். அந்த விரலைச் சுற்றி இரண்டாவது முடிச்சைப் போட்டேன். விரலை எடுத்துக்கொள்வாள் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியவில்லை. தென்னரசு படியில் இறங்கி ஓடி வருவது தெரிந்தது. முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. காலைத்தான் பார்த்தேன். ஷூ நாடா இரண்டும் கட்டியிருந்தன.

"நின்னுடுச்சுத்த" என்றான். மேல்மூச்சு வாங்கினான். "ரத்தம் நின்னுடுச்சாம். சிஸ்டர் வந்து சொல்லிட்டாங்க. ரத்தம் ஏத்திக்கினு இருக்காங்க. உங்களத்தான் கேட்டாளாம்."

இருதயமேரி அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். நான் கயிற்றை விட்டேன். அவள் விரல் முடிச்சின் மேலேயே இருந்தது.

"இன்னொரு முடிச்சு போட்டுடுண்ணா" என்றாள்.