சந்தனம் குடித்த மெஷின்

எங்கள் வீட்டில் ஒரு நாள் சண்டைச் சத்தம் கேட்கவில்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்து, “என்ன, யாருக்கும் உடம்பு சரியில்லையா?” என்று கேட்பார்கள். சண்டை அம்மாவுக்கும் அத்தைக்கும். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடு என்பது ஓர் அறை, ஒரு சமையல் மூலை, முன்னால் ஒரு தாழ்வாரம், அவ்வளவுதான். அதற்குள் இரண்டு பெண்கள், இரண்டு பேருக்கும் நல்ல வாய். உப்பு கூடினால் சண்டை, தண்ணீர் குறைந்தால் சண்டை, கோழி அடைகாக்க மறுத்தால்கூட அதற்கு யாராவது ஒருத்தி பொறுப்பேற்க வேண்டும். அப்பா பால்வெட்டு முடிந்து வந்து, காதில் எதுவும் விழாதவர் மாதிரி காலைக் கழுவிக்கொண்டே இருப்பார். அந்தக் கலையில் அவரை மிஞ்சப் பேராவில் ஆள் கிடையாது.

இதெல்லாம் மலாயாவில், பேரா மாநிலத்தில், ஈப்போவிலிருந்து மாட்டுவண்டியில் அரை நாள் தூரத்தில் இருந்த ஒரு கித்தாத் தோட்டத்தில். ரப்பர் என்று இப்போது நாகரிகமாகச் சொல்கிறோம். அன்று எங்களுக்கு அது கித்தா, நாங்கள் கித்தாக்காட்டுப் பிள்ளைகள். எனக்கு ஏழு வயதோ எட்டு வயதோ இருக்கும்.

அத்தையின் புருஷன் ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். வண்டி குடைசாய்ந்ததில் மாமா போய்ச் சேர்ந்துவிட்டார், கூட உட்கார்ந்திருந்த அத்தைக்கு ஒரு கால் தாங்கலாகிவிட்டது. மேடும் பள்ளமுமான காட்டில் பால்வாளி தூக்கி நடக்க அந்தக் காலால் ஆகாது. ஆனால் மாமா ஆசைப்பட்டு வாங்கிக் கொடுத்த ஒரு கைத்தையல் மெஷின் அவளிடம் இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டுதான் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாள். லயத்துப் பெண்களின் ரவிக்கை, பிள்ளைகளின் சட்டை, ஆண்களின் கால்சட்டைக் கிழிசல், எல்லாம் அவள் கையில். தன் சோற்றைத் தானே சம்பாதித்தாள். அதனால்தான் அம்மாவோடு சரிக்குச் சரி நின்று சண்டை போடவும் அவளால் முடிந்தது.

அந்த வருஷம் ஆயுத பூசைக்குத் தோட்டமே பால்வெட்டுக் கத்தியையும் வாளியையும் கழுவிப் பொட்டு வைத்தது. அத்தையின் பங்குக்கு மெஷின். எண்ணெய் விடுவதற்காக அதன் உடம்பெங்கும் சின்னச் சின்னத் துவாரங்கள் இருக்கும். வெள்ளைக்காரன் அவற்றைப் பொட்டு வைப்பதற்கென்றே செய்து அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தாளோ என்னவோ, ஒவ்வொன்றிலும் குழைத்த சந்தனத்தை அழுத்தி வைத்து, மேலே குங்குமமும் வைத்தாள். எண்ணெய் விஷயத்திலும் அவளுக்கென்று ஒரு நியாயம் இருந்தது. தலைக்கு நல்லது மெஷினுக்குக் கெட்டதா என்று எப்போதும் தேங்காய் எண்ணெயைத்தான் ஊற்றுவாள்.

பூசை கழிந்து இரண்டொரு நாளில் கைப்பிடி இறுகிற்று. பிறகு ஒரேயடியாக நின்றுவிட்டது. லயம் முழுவதும் தீபாவளித் துணியை வெட்டக் கொடுத்திருந்த நேரம் அது. என் சிவப்புப் பாவாடை ஊசிக்கு அடியில் பாதி தைத்த நிலையில் மாட்டிக்கொண்டு கிடந்தது. உலகத்திலேயே பெரிய துக்கம் அதுதான் என்று நான் அழுதேன்.

அப்பா மெஷினைச் சுற்றி வந்து பார்த்தார், ஒரு தட்டுத் தட்டினார், அதோடு தன் வைத்தியத்தை முடித்துக்கொண்டார். ஈப்போவுக்குக் கொண்டு போனால் அவன் பினாங்குக்கு அனுப்ப வேண்டும் என்பான், எந்தக் காலத்தில் திரும்பி வருமோ என்றார். அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொன்னார்:

“தீபாவளி கழிச்சு கங்காணி ஊருக்குக் கப்பலேறுறாரு. தங்கச்சியையும் கூட அனுப்பிடலாம்னு இருக்கேன். தைக்கிற வேலையும் போச்சு. ஒங்க ரெண்டு பேருக்கும் தெனம் ஒரு சண்டை. அவ மாமியார் வீட்டுல போயி இருக்கட்டும்.”

அத்தை சமையல் மூலையில் இருந்தாள். அவள் காதில் விழாமல் அந்த வீட்டில் எதுவும் பேச முடியாது. ஊரில் அந்த மாமியார் வீட்டுப் பின்கட்டு எப்படி இருக்கும், புருஷனைப் பறிகொடுத்து வந்தவளை அங்கே எப்படி உட்கார வைப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. இந்த இரண்டு பேரும் ஓயாமல் சண்டை போடுவதால்தான் அத்தையை அனுப்புகிறார்கள்.

மறுநாளிலிருந்து சண்டை நின்றுவிட்டது. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அம்மா அத்தைக்குக் கருவாட்டுத் துண்டு ஒன்று கூடுதலாக வைத்தாள். “போதுமா?” என்றாள். “போதும் மதினி,” என்றாள் அத்தை. அத்தை கேட்காமலே அம்மாவின் சேலையைத் துவைத்துக் காயப் போட்டாள். யாரும் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆகா, நம் வீடும் தோட்டக் கணக்கெழுதும் கிராணி வீடு மாதிரி ஆகிவிட்டது, இனி அத்தையை அனுப்ப மாட்டார்கள் என்று நான் லயம் முழுவதும் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். அம்மா மட்டும் அடுப்பை ஊதிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்வாள். புகை என்றுதான் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா லயத்து நடுவில் போய் நின்று குரல் கொடுத்தாள்.

“மெஷின் ரோசாக்காகிக் கெடக்கு. ஒங்க துணியெல்லாம் எங்க வீட்டுலதான் இருக்கு. தீபாவளிக்குக் கிழிசலோட நிக்கிறதுன்னா வீட்டுல தூங்குங்க. இல்லன்னா வாங்க, எல்லாரும் சேந்து பிரிச்சுப் பாத்துருவோம்.”

கெட்டுப்போன சாமானை மலாய்க்காரர்கள் ரோசாக் என்பார்கள், நாங்களும் அப்படித்தான் சொல்வோம். ஆனால் ரோசாக்கானதைப் பிரித்துப் பார்ப்பது என்பது அதுவரை பெண்கள் வாயில் வந்த பேச்சே அல்ல. அதனாலேயே பத்துப் பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். தாழ்வாரம் கொள்ளாமல் முற்றத்தில் பாயை விரித்தோம்.

மெஷினைப் பற்றி ஒருத்திக்கும் முழுதாகத் தெரியாது. ஆளுக்குக் கொஞ்சம் தெரியும். கிராணி வீட்டில் சமைக்கப் போகும் வேதக்காரப் பெரியம்மாவுக்கு அங்கே இருந்த பம்ப் அடுப்பைத் தெரியும்.

“அடுப்பு சரியா எரியலன்னா கண்ணு அடைச்சிருக்குன்னு அர்த்தம் லா. ஊசியால குத்திவிடணும். மண்ணெண்ணெய் விட்டா எந்தப் பிசுக்கும் விட்டுரும்,” என்று தான் கொண்டுவந்த போத்தலைக் காட்டினாள்.

கிணற்றடி வீட்டு அக்காவின் புருஷன் கித்தாவைத் தகடாக்கும் உருளை மெஷினில் வேலை. அவள் அவரிடம் கேட்டு ஒரு குப்பியில் மெஷின் எண்ணெய் வாங்கி வந்திருந்தாள். “கழட்டுறப்ப எது முதல்லயோ, மாட்டுறப்ப அதுதான் கடைசி. அவரு சொன்னாரு,” என்றாள்.

“ஊருக்குத் தெரியாத சங்கதியைச் சொல்லிட்டா,” என்று எங்கோ பார்த்துச் சொன்னாள் கோடி வீட்டு அக்கா. ஒரு சேவல் விஷயமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கோடி வீட்டு அக்காவுக்கு மெஷினைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் அவள் கைக்குத் திறக்காத மூடி தோட்டத்தில் இல்லை.

மரத்தில் பால் வடியக் கட்டும் மங்குகள் எங்கள் லயத்தில் உடைந்ததும் உடையாததுமாக நிறையக் கிடக்கும். ஆளுக்கொரு மங்கு கொடுத்தாள் அம்மா. பால்வெட்டில் எப்படி ஆளுக்கொரு நிரை மரமோ அப்படி ஆளுக்கொரு திருகாணி. முதலில் கழலும் திருகாணி முதல் ஆளின் மங்கில், அடுத்தது அவள் பக்கத்தில் இருப்பவள் மங்கில் என்று வரிசையாகப் போக வேண்டும். மாட்டும்போது கடைசி ஆளிடமிருந்து திரும்பி வர வேண்டும். அவரவர் திருகாணியை அவரவரே கழற்ற வேண்டும் என்றும் சொல்லிவிட்டாள். அத்தையின் சின்னத் திருப்புளி கைமாறிக் கைமாறிப் போயிற்று. எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்பதற்கே முதலில் பெரிய வாக்குவாதம். முதல் திருகாணி கழன்றதும் பிள்ளை பிறந்த வீடு மாதிரி எல்லோரும் கத்தினார்கள்.

பக்கத் தகட்டை எடுத்ததும் பெரியம்மா குனிந்து மோந்து பார்த்தாள்.

“என்னடி இது, கோயில் வாசம் அடிக்குது?”

ஊசியால் குத்தக் குத்தத் துவாரங்களிலிருந்து காய்ந்த சந்தனம் கட்டி கட்டியாக உதிர்ந்தது. உள்ளே போனது தேங்காய் எண்ணெயோடு சேர்ந்து பிசின் மாதிரி ஒட்டிக் கிடந்தது.

“அடியாத்தி! மெஷினுக்குச் சந்தனத்தை ஊட்டியே விட்டிருக்கா!” என்றாள் கோடி வீட்டு அக்கா. முற்றமே சிரித்தது.

“பொட்டு நெத்தியில வைக்கலாம். வாயில வைக்கலாமா?” என்றாள் பெரியம்மா.

அத்தையும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, “எனக்குத்தான் இல்லன்னு ஆயிருச்சு. அதுவாச்சும் வச்சுக்கட்டும்னுதான் வச்சேன்,” என்றாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. எதற்காக நின்றது என்று எனக்குப் புரியவில்லை, நான் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் சிரித்தேன். அம்மா பெரியம்மா கையிலிருந்த ஊசியைப் பிடுங்கி, அந்தத் துவாரங்களை ஆத்திரத்தோடு குத்த ஆரம்பித்தாள்.

மண்ணெண்ணெய் விட்டு, துடைத்து, மறுபடியும் விட்டு, துடைத்து, கடைசியில் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் வைத்ததும் உள்ளிருந்த தண்டுகள் அசைந்தன. இனி மாட்ட வேண்டியதுதான். அப்போது பார்த்து மழை பிடித்துக்கொண்டது. பேராவில் மழை சொல்லிவிட்டா வரும்? காயப் போட்ட துணி, விறகு, கருவாடு என்று ஆளாளுக்கு மங்கைக் கையில் பிடித்தபடியே ஓடினார்கள். அத்தை மெஷினைச் சேலையால் மூடித் தாழ்வாரத்துக்கு இழுத்தாள். எல்லோரும் திரும்பி வந்து நனையாத இடமாகப் பார்த்து நெருக்கியடித்து உட்கார்ந்தபோதுதான் பெரியம்மா தலையில் கை வைத்தாள்.

“வரிசை போச்சே! யாருக்குப் பக்கத்துல யாரு?”

திருகாணிகள் பார்க்க ஒன்று போலவே இருந்தன. ஆனால் ஒன்றின் துளையில் இன்னொன்று நுழையாது, எந்தத் துளையிலிருந்து எடுத்தோம் என்று ஒருத்திக்கும் நினைவில்லை. தப்பாக முறுக்கினால் மரை போய்விடும், அப்புறம் மெஷினைக் குப்பையில்தான் போட வேண்டும். அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. நானும் பாவாடையை நினைத்து உதட்டைப் பிதுக்கினேன்.

அம்மாதான் நடுவில் எழுந்து நின்றாள். லயத்தில் யாருக்கு யாரோடு பகை என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

“நீ வெத்தலைக்காக அவ பக்கத்துலதான் ஒட்டிக்கிட்டு இருந்திருப்ப. போய் உக்காரு. ஏ, நீயும் அவளும் சேவல் சண்டைக்காரிங்க, பக்கத்துல இருந்திருக்க முடியாது. நடுவுல யாரு இருந்தா? பெரியம்மாதானே, ரெண்டு பேரையும் பிரிக்கிறதே அவங்க வேலை. நீ, கடன் கேப்பாளோன்னு பயந்து அவளை விட்டுத் தள்ளித்தான் இருந்திருப்ப.”

ஒவ்வொருத்தியும் முகத்தைச் சுளித்துக்கொண்டே தன் இடத்துக்குப் போனாள். பகையின் கணக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒவ்வொருத்தியும் தன் திருகாணியைத் தானே மாட்டினாள். மற்றதெல்லாம் பொருந்தி வந்து, கடைசியில் இரண்டு திருகாணியும் இரண்டு துளையும் மிஞ்சியபோது ஒன்று உட்கார மறுத்தது. அது அம்மா மங்கில் இருந்தது. அம்மா தன்னை வரிசையின் இந்த முனையிலும் அத்தையை அந்த முனையிலும் வைத்திருந்தாள். அதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

“மதினி,” என்றாள் அத்தை மெதுவாக. “நீங்க எம் பக்கத்துலதான் உக்காந்திருந்தீங்க.”

எல்லோரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“அங்க நிழலா இருந்துச்சு. அதான்,” என்றாள்.

கோடி வீட்டு அக்காவும் கிணற்றடி அக்காவும் தங்கள் பகையை மறந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா நொட்டை சொல்லிக்கொண்டே போய் அத்தை பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த இடத்துக்கு உரிய துளையில் திருகாணி வெண்ணெய் மாதிரி இறங்கிற்று. அத்தை தன்னுடையதையும் முறுக்கிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினாள். மெஷின் கடகடவென்று ஓடிற்று.

அதற்குப் பிறகு ஞாயிறு மத்தியானங்களில் அரிக்கேன் விளக்கு, பம்ப் அடுப்பு, பூட்டு என்று ரோசாக்கான சாமான்கள் எங்கள் முற்றத்துக்கு வரத் தொடங்கின. யாரும் யாருக்கும் வாத்தியார் இல்லை. ஒருத்திக்குத் தெரிந்ததை எல்லோரும் தெரிந்துகொண்டார்கள், மங்கின் மேல் கரியால் கோடு போட்டு வரிசை குறிக்கவும் கற்றுக்கொண்டார்கள். சில சாமான்கள் முன்பைவிட மோசமாகவும் போயின. அதற்காக யாரும் நிறுத்தவில்லை.

மெஷினைப் பிரித்து மாட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா வந்து, அது ஓடுவதைப் பார்த்துத் திகைத்து நின்றார். அம்மா, “கங்காணிகிட்ட அவ வரலைன்னு சொல்லிடுங்க,” என்றாள். “நீதானே ரெண்டு வருஷமா அவ எப்பப் போவா, எப்பப் போவான்னு கேட்டுக்கிட்டு இருந்த?” என்றார் அப்பா. “கேட்டா? கேட்டா அனுப்பிடுறதா?” என்று அம்மா ஒரு போடு போட்டாள். அப்பா காலைக் கழுவப் போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் சண்டை பிடித்துக்கொண்டது. கீழே கிடந்த வெட்டுத்துணியை அம்மா காலால் தள்ளி, “இது வீடா, தையக்கடையா?” என்றாள். “கண்ணு தெரிஞ்சு நடந்தா கால்ல மாட்டாது,” என்றாள் அத்தை. அம்மா கரண்டியைக் கீழே போட்டாள். அத்தை மெஷினை நிறுத்திவிட்டு இடுப்பில் கை வைத்தாள். ஒரு வாரமாக அடக்கி வைத்த உப்பு, தண்ணீர், கருவாடு எல்லாம் வெளியே வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள். அப்பா காப்பியைக் குடித்தபடி, என்றைக்கும் இல்லாத சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார்.

நான் மட்டும் பயந்துபோனேன். இவ்வளவு பேர் சேர்ந்து பாடுபட்டு எல்லாம் சரியாகி வந்த நேரத்தில் இப்படிக் கெடுத்துக்கொண்டார்களே, இனி அத்தையைக் கண்டிப்பாகக் கப்பலேற்றி விடுவார்களே என்று ஓடிப்போய் அவளுடைய தகரப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, யார் கூப்பிட்டும் இறங்க மாட்டேன் என்று ஓவென்று அழுதேன்.