பட்டாணிக் கொழுந்து

எங்க பண்ணையில மொத நாள் நாங்க செஞ்ச வேலை, நின்னது.

நாங்க குடியிருக்கிற லயத்துக்கு மேல காடேறிக் கெடந்த தேயிலை மலையத் தோட்டத்து நிர்வாகத்துல கேட்டு வாங்கி, பதினோரு குடும்பம் சேந்து மரக்கறி போடலாம்னு எறங்கினோம். காலையில ஆறரைக்கு மம்பட்டியோட எல்லாரும் வந்தாச்சு. வந்து வரிசையா நின்னோம். ஏழாச்சு. எட்டாச்சு. அப்பதான் பக்கத்து வீட்டு அண்ணி கேட்டாங்க, "ஆமா, யாரு பெரட்டு கலைக்கிறது?"

தோட்டத்துல தெனமும் காலையில பெரட்டுல நிக்க வச்சு கண்டாக்கு ஐயா பேரு வாசிப்பாரு. நாங்க "இருக்கேங்க"ன்னு சொல்லுவோம். இன்னாருக்கு இன்ன வேலைன்னு அனுப்புவாரு. பொறந்ததுலருந்து அதத்தான் பாத்திருக்கோம். சொந்த மலைன்னா கண்டாக்கு கெடையாதுங்கிறது யாருக்கும் தோணல. போய் தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து ஒரு கொப்பி வாங்கினோம். பதினோரு வீட்டு ஆளுங்க பேரையும் எழுதி, நாளுக்கு ஒரு வீடு வாசிக்கிறதுன்னு வச்சுக்கிட்டோம். பேரு வாசிச்ச பொறகுதான் கை கால் அசைஞ்சுச்சு.

அதுக்கப்புறம் ஒழுங்காத்தான் போச்சு. ரெண்டு மாடு. சாணம் பாத்திக்கு, பாத்தியில கழிச்ச எலை மாட்டுக்கு. பாலு மொறை வச்சு வீட்டுக்கு வீடு. லீக்ஸும் கெழங்கும் வளரட்டும்னு விட்டுட்டு, சீக்கிரம் காய்க்கும்னு பட்டாணியும் போட்டோம். வெதை தந்தது கீழ கிராமத்து சிங்கள ஐயா. காய்ச்சதும் தன் லொறியிலயே டவுனுக்கு ஏத்திக்கிறேன்னும் சொல்லியிருந்தாரு.

அந்தப் பட்டாணியிலதான் என் தலையெழுத்து இருந்துச்சு. பண்ணைக்கு முன்னாடியே நான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போறதா ஏஜென்சியில பாஸ்போட்டு குடுத்துட்டேன். ஒரு திங்கக்கெழம கொழும்புக்கு வரச் சொல்லிட்டாங்க. என் வீட்டுக்காரரு சொன்னாரு, "அதுக்குள்ள பட்டாணி காய்ச்சா போவாத. காய்க்கலன்னா போயிட்டு வா." நல்ல தீர்ப்பு. பத்தாங்கிளாஸ் படிக்கிற என் மக அன்னைக்கே என்கிட்ட பேசறத நிப்பாட்டிட்டா. சோறு போட்டா தின்பா. தட்டு கழுவி வைப்பா. பேச மட்டும் மாட்டா. போகப்போறவளுக்கு பேச்செதுக்குன்னு நெனச்சா போல.

பட்டாணி இடுப்பு ஒசரம் வந்தப்ப, கொடிய குச்சியில கட்டுறதுக்குப் பொம்பளைங்க ஒம்பது பேரு போனோம். கட்டுற நாரத் தூக்கிட்டுப் போக கையில எடம் இல்ல. பழைய கொழுந்துக் கூடைய முதுகுல மாட்டிக்கிட்டோம். அங்கதான் கெட்டுச்சு. இடுப்பு ஒசரத்துல பச்சை, முதுகுல கூடை, பக்கத்து நெரையில அண்ணி தன் நாத்தனா கதைய ஆரம்பிச்சுட்டாங்க. நல்ல கதை. நெர முடிஞ்சு, கொழுந்து எடை நெறுப்புக்குன்னு கூடைய எறக்குறப்பதான் நெறுக்க ஆளு இல்லைன்னு தெரிஞ்சுச்சு. திரும்பிப் பாத்தோம். பாத்தி முழுக்க தேயிலை மலை மாதிரி ஒரே மட்டமா இருந்துச்சு. நுனி ஒண்ணு கூட மிச்சமில்ல.

"அடி ஆத்தி!" அப்பிடின்னு அண்ணி ஒக்காந்துட்டாங்க.

எல்லாரு கூடையையும் பாத்தேன். நெறைய எடுத்திருந்தது நான்தான். எந்தப் பட்டாணி காய்ச்சா நான் வீட்டுல இருக்கலாமோ, அத மத்தவங்களவிட வேகமா கிள்ளிப் போட்டிருந்தேன். இருவது வருஷம் கொழுந்தெடுத்த வெரலு, யாரு சொல்லிக் கேக்கும்? அன்னைக்கு நான் அழுதேன். பாத்தியில இல்ல, மாட்டுக் கொட்டில்ல.

சிங்கள ஐயா வந்து பாத்தாரு. சிரிப்ப அடக்கிக்கிட்டு "கமக் நே, நங்கி"ன்னாரு, பரவாயில்ல தங்கச்சின்னு. கிள்ளின எடத்துக்குக் கீழ கெளச்சு வருமாம். முன்னைய விட அடர்த்தியா வருமாம். ரெண்டு வாரம் சுணங்கும், அவ்வளவுதானாம். எனக்கு அந்த ரெண்டு வாரம்தான் இல்ல. பதினோரு வீட்டுலயும் ஒரு வாரத்துக்குப் பட்டாணிக் கொழுந்தத் தேங்காப்பூ போட்டுச் சுண்டின மல்லுங். எவரும் ருசியப் பத்திப் பேசல.

கொழும்புக்குப் போறதுக்கு மொத நாள், ஞாயித்துக்கெழம காலையில போய்ப் பாத்தேன். ஐயா சொன்ன மாதிரியே கெளச்சிருந்துச்சு. வெள்ளையா பூ. காயி ஒண்ணு கூட இல்ல. அங்கருந்தே ஏஜென்சிக்காரருக்குப் போன் பண்ணேன்.

"நான் வரலங்க."

"ஏம்மா?"

"பூ வச்சிருச்சுங்க."

"என்ன பூ?"

அவரு கத்துனாரு, கேட்டுக்கிட்டேன், வச்சுட்டேன். பூவு காயாகாம உதிர்ந்தா என்ன பண்றதுன்னு இன்னொரு தடவ பூவ எண்ணிப் பாத்துட்டு எறங்கினேன். வீட்டுக்காரருகிட்ட சொன்னேன். "சரி, பையில இருக்கிற சீலைய வெளிய எடுத்து வையி, கசங்கிரும்"னாரு. மக அடுப்படியில இருந்தா. கேட்டாளான்னு தெரியல.

திங்கக்கெழம ஆறரைக்குப் பெரட்டுக்குப் போய் நின்னேன். அன்னைக்கு வாசிக்கிற மொறை பக்கத்து வீட்டு அண்ணனுக்கு. வரிசையா வாசிச்சுட்டு வந்தாரு. என் வீட்டுக்காரரு பேரு வந்துச்சு. அடுத்து என் பேரு வரணும். அத விட்டுட்டு அதுக்கடுத்த பேருக்குப் போயிட்டாரு. குவைத்துக்குப் போறவளாச்சேன்னு கொப்பியில என் பேர வெள்ளிக்கெழமையே வெட்டியிருக்காங்க. அவரு மேல பெழை இல்ல. வெட்டின பேர எந்தக் கண்டாக்கும் வாசிக்கிறதில்ல. நானும் மம்பட்டியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பேரு வாசிக்காம எப்பிடி வேலைக்கு எறங்குறது?

அப்ப மேல ரோட்டுலருந்து ஒரு சத்தம். ஸ்கூல் சட்டையும் பையுமா என் மக நிக்கிறா. கண்டாக்கு ஐயா மாதிரியே கழுத்த நீட்டி, மலையே கேக்குற மாதிரி என் பேரச் சொல்லிக் கூப்பிட்டா. பெத்தவ பேர, மொட்டையா.

பொம்பளைங்கல்லாம் வாயில கைய வச்சாங்க. "பெத்தவளப் பேரு சொல்லியாடி கூப்புடுவ?"ன்னு நான் வைஞ்சிருக்கணும். ஆனா இருவது வருஷப் பழக்கம், வாயி முந்திக்கிருச்சு.

"இருக்கேங்க"ன்னேன்.