கன்னத்தில்தான் அடிக்கச் சொன்னார்

ஆவடியில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை காலை ஆறரைக்குப் பரேடு. எண்பதுகளின் நடுப்பகுதி. மாணவர் படை என்று அதற்குப் பெயர் இருந்தாலும் பரேடு என்றுதான் எல்லோரும் சொல்வோம். கஞ்சி போட்ட காக்கி, ஆணி அடித்த பூட்சு, பித்தளை பக்கிள் வைத்த பெல்ட். பரேடு முடிந்ததும் இலையில் நாலு பூரியும் உருளைக்கிழங்கு மசாலும் கொடுப்பார்கள். பாதிப் பேர் அந்தப் பூரிக்காகச் சேர்ந்தவர்கள். மீதிப் பேர் சர்டிபிகேட்டுக்காக. இரண்டு வருஷம் அடி தாங்கி, கடைசியில் பரீட்சையும் எழுதிவிட்டால் ஒரு சர்டிபிகேட் வரும். அது இருந்தால் மிலிட்டரிக்கு ஆள் எடுக்கும்போது முதலில் கூப்பிடுவார்கள் என்று பேச்சு.

அடி என்று சும்மா சொல்லவில்லை. எங்களுக்குப் பயிற்சி கொடுக்க ராணுவத்திலிருந்து ஒரு ஹவில்தார் வருவார். அவரை 'ஸ்டாஃப்' என்றுதான் கூப்பிட வேண்டும். பெல்ட்டைக் கழற்றிக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, பக்கிள் முனையைத் தொங்கவிட்டுக்கொண்டு வரிசைக்கு நடுவே நடப்பார். முழங்கால் மடங்கியிருந்தால் முழங்காலில் விழும். மோவாய் தாழ்ந்திருந்தால் மோவாயில் விழும். பூட்சு நாடா கட்டாமல் வந்த எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், அந்தப் பூட்சையே வாயில் கவ்விக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினான். மூன்றாவது சுற்றில் வாந்தி எடுத்தான். ஸ்டாஃப் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். சிரிக்காதவன் அடுத்த ஆள் ஆகிவிடுவான் என்று தெரியும்.

நான் பயந்தவன். ஆறரைப் பரேடுக்கு ஐந்தேகாலுக்கே போய்விடுவேன். எங்களுக்குத் திருநின்றவூரில் வாடகை வீடு. ரயில் நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று முதல் ரயிலைப் பிடித்துவிடுவேன். பூட்டிய கேட்டின் முன்னால் நின்றுகொண்டு சட்டைப் பொத்தான்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் பயத்தைத்தான் ஸ்டாஃப் பொறுப்பு என்று நினைத்துவிட்டார். ஒன்பதாம் வகுப்பில் என் சட்டைக் கையில் இரண்டு பட்டை தைக்கச் சொல்லி, பத்துப் பேர் கொண்ட செக்‌ஷனுக்கு என்னைக் கமாண்டர் ஆக்கினார்.

செக்‌ஷனில் எவன் தப்பு செய்தாலும் கமாண்டர்தான் அவனை அறைய வேண்டும். மெதுவாக அறைந்தால் கமாண்டருக்கு விழும். தலைமைப் பண்பு என்று அவர் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்.

பையன்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். உள்ளங்கையைக் கிண்ணம் மாதிரி குழித்துக்கொண்டு அறைந்தால் சத்தம் பயங்கரமாக வரும், வலி அவ்வளவாக இருக்காது. அதற்குப் பட்டாசு என்று பெயர். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவன் வெள்ளானூரிலிருந்து சைக்கிளில் வரும் என் நண்பன். "கைய இப்பிடி வெச்சிக்கோ. ஸ்டாஃப் காதுக்கு தீபாவளி, நம்ப கன்னத்துக்கு ஒண்ணியும் இல்ல" என்பான். தன் கன்னத்திலேயே என்னை அடிக்க வைத்துப் பழக்கியதும் அவன்தான். இருவரும் சைக்கிள் ஸ்டாண்டில் நின்று மாற்றி மாற்றி அறைந்துகொண்டு சிரித்திருக்கிறோம்.

அவன் தாத்தா காலம்வரை வெள்ளானூரில் அடுத்தவர் வயலில் கூலி வேலை. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். அப்பாவை அவன் நைனா என்பான்.

"எனக்கு மிலிட்டரிதான் மாமே. ஊட்ல நைனா அடிக்கிறாரு, சித்தப்பன் அடிக்கிறான், ரோட்ல பட்டாபிராம் பசங்க அடிக்கிறானுங்கோ. மிலிட்டரில ஒருத்தன்தான் அடிப்பான். சோறும் அவனே போட்ருவான்."

விளையாட்டாகச் சொல்வான், ஆனால் அவனுக்கு வேறு எந்த யோசனையும் இல்லை. ஓட்டத்திலும் நடையிலும் எங்கள் எல்லோரையும்விட அவன்தான் முதல்.

மழை பெய்தால் பரேடு இல்லை, வகுப்பு. எங்கள் கணக்கு வாத்தியார் சனிக்கிழமைகளில் மட்டும் காக்கி போட்டு ஆபீசர் ஆகிவிடுவார். அவர் நோட்டில் எழுதப் போடுவார். தலைவன் தன் கீழுள்ளவர்களின் தவறுக்குத் தானே பொறுப்பேற்பான். நல்ல குடிமகன் உண்மையை அஞ்சாமல் கூறுவான். இப்படி ஒரு பக்கம். அடுத்த வாரம் ஒப்பிக்க வேண்டும். ஒரு வரி விட்டால் ஸ்கேலின் விளிம்பால் விரல் முட்டியில் அடி. 'அஞ்சாமல்' வரும் வரிக்கு வந்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்த ஒரு வரிக்காகவே என் விரல்கள் வீங்கிக் கிடந்தன.

அன்றைக்கும் மழை. ஸ்டாஃப் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வாத்தியார் எழுதிப் போட்டு முடித்ததும் என் நண்பன் கையைத் தூக்கினான்.

"சார், நாங்க தப்பு செஞ்சா தலைவர் அடிக்கிறாரு. தலைவரே தப்பு செஞ்சா யாரு சார் அடிக்கிறது?"

குறும்புக்குக் கேட்கவில்லை. பரீட்சையில் வந்துவிட்டால் என்ன எழுதுவது என்று கேட்டான். வாத்தியார் சிரித்துவிட்டார். "அதுக்குத்தாண்டா அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை எலெக்‌ஷன் வெக்கிறாங்க."

வகுப்பே சிரித்தது. ஸ்டாஃப் சிரிக்கவில்லை.

மழை விட்டதும் எல்லோரையும் மைதானத்தில் நிறுத்தினார். என்னையும் அவனையும் முன்னால் கூப்பிட்டு எதிரெதிராக நிற்க வைத்தார்.

"ஒன் ஆளுக்கு ரொம்பக் கேள்வி வருது. அடி."

அறைந்தேன். கை போய்ப் பட்டதே தவிர அடியாக விழவில்லை.

"இப்படியாடா அடிக்கிறது? எப்படின்னு நான் காட்டுறேன்" என்று என்னை இரண்டு கன்னத்திலும் மாற்றி மாற்றி அறைந்தார். கடைவாயில் உப்புக் கரித்தது. ஒரு பல் ஆடியது. "கன்னத்துல விடணும். பள்ளிக்கூடம் பூராக் கேக்கணும். கேக்கலன்னா பெல்ட்டுதான்."

என் நண்பன் விறைப்பாக நின்றுகொண்டு, உதடு அசையாமல் சொன்னான்: "பட்டாசு போடு மாமே."

கையைக் குழித்தேன். கண் ஸ்டாஃபின் பெல்ட்டிலேயே இருந்தது. ஓங்கி வீசினேன். அது கன்னத்தில் விழவில்லை. காதைப் பொத்திக்கொண்டு விழுந்தது. காற்றடைத்த காகிதப் பையைத் தரையில் அடித்து உடைத்த மாதிரி ஒரு சத்தம்.

அவன் ஆடவில்லை, விறைப்பாகவே நின்றான். கொஞ்ச நேரம் கழித்து இடது காதிலிருந்து ஒரு மெல்லிய சிவப்புக் கோடு இறங்கிக் காலரில் ஊறியது.

"குட்" என்றார் ஸ்டாஃப், என்னைப் பார்த்து.

பூரி கொடுக்கும்போது அவனுடையது நாலையும் தின்று, என் இலையிலிருந்தும் இரண்டை எடுத்துக்கொண்டான். "உள்ள விசில் சத்தமா கீது மாமே. எவனோ பஸ் கண்டக்டரு குடிவந்துட்டான்." நான் அவனுக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்ததால்தான் அவனுக்கு என் பேச்சு கேட்டது என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஆவடி ஸ்டேஷன் பக்கத்து கிளினிக்கில் ஒரு கம்பவுண்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "ஜவ்வு கிழிஞ்சிருக்கு. தண்ணி படாம இருந்தா தானா மூடிக்கும். பட்டா ஒழுகிக்கினே கிடக்கும்" என்றார். மிலிட்டரி என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. "ஓட்டைக் காத எடுப்பானா? மொதல்ல மூடட்டும்."

அன்றிலிருந்து அந்தக் காது என்னுடையது மாதிரி ஆகிவிட்டது. பஞ்சை எண்ணெயில் நனைத்து நானே அடைத்துவிடுவேன். மேகம் கறுத்தால் குடையைத் தூக்கிக்கொண்டு அவனைத் தேடிப் போவேன். வெள்ளானூர் ஏரியில் பையன்கள் குதித்துக்கொண்டிருந்தபோது ஒருவன் இவனைப் பிடித்துத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டான். நான் கரையில் கிடந்த செங்கல் துண்டை எடுத்து எறிந்தேன். தள்ளியவனின் நெற்றி பிளந்தது. அவன் அண்ணன்கள் வந்து என்னைச் சேற்றில் போட்டு மிதித்தார்கள். விலா எலும்பு ஒரு மாதம் வலித்தது. ஆனால் தண்ணீர் காதுக்குள் போய்விட்டது. பத்து நாளில் சீழ் வைத்தது. தலையணை நாறியதைப் பார்த்துத்தான் அவன் நைனாவுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. பரேடில் அடித்தார்கள் என்று இவன் உண்மையைச் சொல்லியிருக்கிறான்.

அவர் லோடு வேலைக்குப் போகாமல் இவனையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஆபீஸ் ரூமில் வாத்தியாரும் ஸ்டாஃபும் இருந்தார்கள். ஸ்டாஃப், பையன் தடை தாண்டும் ஓட்டத்தில் சுவரிலிருந்து விழுந்துவிட்டான் என்று சொல்லியிருந்தார். செக்‌ஷன் கமாண்டரைக் கேளுங்கள் என்று என்னைக் கூப்பிட ஆள் அனுப்பினார்கள். உள்ளே போகுமுன் ஸ்டாஃப் வெளியே வந்து, சாமான் அறைக்குப் பின்னால் என்னை நிறுத்தினார். அடிக்கவில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டார்.

"நான் எங்கடா அடிக்கச் சொன்னேன்?"

"கன்னத்துல, ஸ்டாஃப்."

"நீ எங்க அடிச்ச?"

கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"கையக் குழிச்சு காதுல அடிச்சது யாரு? உள்ள போயி யாரு பேரச் சொல்லப் போற, நல்லா யோசிச்சுக்க."

உள்ளே போனதும் வாத்தியார் கேட்டார், "பயப்படாம சொல்லு. என்ன நடந்துச்சு?"

"விழுந்துட்டான் சார்."

நைனா என்னைப் பார்த்தார். பிறகு தன் மகனைப் பார்த்தார். "வாத்தியாருங்க மேலயே பொய் சொல்றியா?" என்று செருப்பைக் கழற்றினார். தலையிலும் தோளிலும் விழுந்தது. கீழே விழுந்தவனைக் காலால் எத்தினார். மேஜைக் கண்ணாடி சரிந்து உடைந்தது. வாத்தியார்தான் "போதும், போதும், பள்ளிக்கூடம் இது" என்று பிடித்துக்கொண்டார். நான் விறைப்பாக நின்றேன். என் நண்பன் தரையிலிருந்து ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தான். நான்தான் அடித்தேன் என்று அவன் சொல்லவே இல்லை.

திங்கட்கிழமை காக்கியை மடித்துச் சாமான் அறையில் வைத்துவிட்டு வந்தேன். அதற்கப்புறம் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. தலைவலி என்றேன், காய்ச்சல் என்றேன். வீட்டில் அடித்துப் பார்த்தார்கள். பத்தாம் வகுப்பு போகாமலே அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டும் பட்டறையில் சேர்ந்தேன்.

மூன்று வருஷம் கழித்து அவனே பட்டறையைத் தேடி வந்தான். கையில் சர்டிபிகேட். "மிலிட்டரிக்கு ஆள் எடுக்கிறாங்கோ மாமே, ஆவடியிலயே. தொணைக்கு நீயும் வா."

"காது?"

"ஒழுகறது நின்னு ஆறு மாசம் ஆவுது."

மூடியிருக்கும் என்று நினைத்தேன். மூடியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு நாள் தூங்கவில்லை.

அன்று எத்தனையோ ஊர்ப் பையன்கள் விடியுமுன்னே வந்து கேட்டில் மோதிக்கொண்டிருந்தார்கள். கேட்டைப் பாதி திறந்ததும் மொத்தக் கூட்டமும் தள்ளியது. கீழே விழுந்தவர்களை மிதித்துக்கொண்டு ஓடினார்கள். போலீஸ் தடியால் விளாசியது. என் பக்கத்தில் ஒருவனுக்குத் தோள் எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. எனக்கு முதுகில் இரண்டு. அந்தத் தள்ளுமுள்ளில் நான் தோளைக் கொடுத்து, அவனை உள்ளே தள்ளிவிட்டேன்.

அவன் நைனாவும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். இருவரும் காம்பவுண்டு சுவருக்கு வெளியே நின்று பார்த்தோம். ஓட்டத்தில் நாலாவதாக வந்தான். நைனா என் தோளைத் தட்டினார். உயரம், மார்பு, எடை எல்லாம் சரி. பிறகு டாக்டர் இருந்த கூடாரத்துக்குள் போனான்.

சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். சீட்டில் சிவப்பு மையில் இடது காது என்று எழுதியிருந்தது. "டார்ச்சு அடிச்சாரு, அடுத்த ஆளுன்னாரு. அவ்ளோதான்."

நைனா அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு ஓங்கி அறைந்தார். "சொவுத்து மேல கூத்தடிச்சி உழுந்து, கெடுத்துக்கினியேடா!" இரண்டாவது அறைக்கும் அவன் கையை உயர்த்தவில்லை. நான் நடுவில் போய் நின்றேன். எப்படிப் போனேன் என்று தெரியவில்லை, கால் தானாகப் போனது.

"அவன் உழுவல நைனா. ஸ்டாஃப் அடிக்கச் சொன்னாரு, நான்தான் காதுல அடிச்சேன். அன்னிக்கி பொய் சொன்னதும் நான்தான்."

அவருக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். மூட்டை தூக்குகிற கை. மூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். நான் தடுக்கவில்லை, இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும் என்றிருந்தது. கூட்டம் வேடிக்கை பார்த்தது. மூச்சு வாங்கிக்கொண்டு அவர் நிறுத்தினார்.

"அப்போ இவன நான் எதுக்குடா அடிச்சேன்? சொல்லு. எதுக்கு அடிச்சேன்?"

மகன்தான் சட்டையை மாட்டிக்கொண்டே, "உடு நைனா. பஸ்ஸு வருது" என்றான். முகத்தைத் துடைத்துக்கொள்ள எனக்குத் தன் கைக்குட்டையைக் கொடுத்தான். கொடுக்கும்போது என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் எங்கள் பட்டறையிலேயே அவனைச் சேர்த்துவிட்டேன். அங்கே காதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனால் தகடு வெட்டும் பிரஸ் இறங்கும்போது கையை எடுக்கச் சொல்லி மேஸ்திரி அவனுக்கு இடது பக்கத்திலிருந்துதான் கத்துவார். முதல் நாளே மேஸ்திரியிடம் கெஞ்சி, நான் கத்தினால் கேட்கும்படி என் மிஷினை அவனுக்கு வலது பக்கம் மாற்றிக்கொண்டேன். என் தகட்டைப் பார்த்ததைவிட அவன் விரல்களைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன்.