கலியாண மண்டபத்தில் திறப்பு வாங்கிப் போனவர்

யாராவது பேய்க் கதை தொடங்கினால் நான் கேட்கும் முதல் கேள்வி, அன்றைக்கு எத்தனை போத்தல் உடைத்தீர்கள் என்பதுதான். இந்தக் கேள்வியாலேயே எனக்குச் சிநேகிதர் குறைவு. ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில் எட்டுப் பேர் ஒரே அப்பார்ட்மென்றில் கிடந்த காலத்தில் குழாய் தானாகத் திறந்தது, லிஃப்ற் ஆளில்லாமல் ஏறி வந்தது என்று கதை வரும். கட்டட சுப்பரின்ரெண்டனைக் கூப்பிடுங்கள், ஐயரைக் கூப்பிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுக்கிற ஆள் நான். ஆகவே நான் இப்போது சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது. நீங்கள் போத்தல் கணக்குக் கேட்பீர்கள் என்று தெரியும், முதலே சொல்லிவிடுகிறேன்: அன்றைக்கு நான் குடித்தது இரண்டு கோப்பியும் மூன்று கிளாஸ் பாயசமும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஸ்காபரோவில் கார்களுக்குப் பிளாஸ்ரிக் பாகம் அடிக்கிற ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. பக்கத்து மெஷினில் ஸ்டான் என்று ஒரு போலந்துக்காரர். கைத்துப்பாக்கியால் கடதாசி வட்டத்தைச் சுடுவது அவருடைய பொழுதுபோக்கு, நம்மாட்கள் தேர்த் திருவிழாவைப் பற்றிப் பேசுவது போல அதைப் பற்றிப் பேசுவார். ஒருநாள் என்னையும் கிளப்புக்குக் கூட்டிப் போனார். நான் சுட்ட முதல் சூடு வட்டத்தின் நட்டநடுவில் பட்டது. அதற்குப் பிறகு எந்தச் சூடும் அந்தப் பக்கம் போகவில்லை, ஆனால் ஆசை பிடித்தது பிடித்ததுதான். வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, பொலிஸ் விசாரித்து, காகிதம் காகிதமாகக் கையெழுத்து வைத்து, கடைசியில் ஒரு சின்னப் பிஸ்டலுக்குச் சொந்தக்காரன் ஆனேன்.

என் மனைவி சுகந்தி இதை ஒரே வசனத்தில் முடித்துவிட்டாள். வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும் சொல்லுவாள்: "துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்த மனுசன், இஞ்ச வந்து காசு குடுத்து அந்தச் சத்தத்தை வாங்குறார்." அகதி விசாரணையில் நான் அழுதழுது சொன்னதும் துவக்கைப் பற்றித்தான்.

ஆனால் சட்டம் என்றால் நான் சுத்தம். துவக்கு வெறுமையாக இருக்க வேண்டும். விசையில் பூட்டுப் போட வேண்டும். பூட்டிய துவக்கை உள்ளே தெரியாத பெட்டியில் வைத்துப் பெட்டியையும் பூட்ட வேண்டும். காரை விட்டு இறங்கினால் பெட்டி டிக்கிக்குள், டிக்கியும் பூட்டு. ஆக மூன்று பூட்டு. என் பெர்மிற் வீட்டிலிருந்து கிளப்புக்கும் கிளப்பிலிருந்து வீட்டுக்கும்தான், நடுவில் மீன்கடை கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலுக்குக்கூடத் துவக்கு ஏற்றிய காரில் போகமாட்டேன், ஏனென்றால் நம்மாட்களுக்கு டிக்கி என்பது பொதுச் சொத்து. கேட்காமலே திறந்து சாம்பார் வாளியை ஏற்றிவிடுவார்கள். மூன்று பூட்டுப் பற்றி நான் செய்த பிரசங்கத்தைக் கேட்காத உறவினர் அந்த நாளில் ரொறன்ரோவில் இல்லை.

அப்படிப்பட்ட மகாத்மாதான், சுகந்தியின் ஒன்றுவிட்ட தங்கைக்குக் கலியாணம் நடந்த பனிக்கால ஞாயிறன்று, ஒரு மணித்தியாலம் சுட்டுவிட்டு வருகிறேன் என்று விடிய எழும்பிப் போனேன். கிளப்பில் அன்றைக்கு ஒரு போட்டி. அடுத்த வியாழக்கிழமை எனக்கும் சுகந்திக்கும் குடியுரிமைச் சத்தியப்பிரமாணம், மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. நாங்கள் பிரஜைகள் ஆனதும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்த மாமியை, சுகந்தியின் அம்மாவை, இங்கே கூப்பிடுகிற அலுவலைத் தொடங்குவதாக ஏற்பாடு. பொலிஸ் கேஸ் ஒன்று விழுந்தால் எல்லாம் போச்சு. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன்.

கிளப் ஸ்ரௌவ்வில் என்ற சின்ன ஊருக்கு வடக்கே, வயல்களுக்கு நடுவில். போட்டியில் கடைசியாக வந்தேன், அதில் ஆச்சரியம் இல்லை. நேரம் போனதுதான் வில்லங்கம். தாலிகட்டு பதினொன்றே காலுக்கு. நான் கிளப்புக் கழிவறையில் அவசர அவசரமாக வேட்டி கட்டிக்கொண்டு, மேலே ஜாக்கெட் போட்டு வெளியே வந்தபோது ஸ்டான் என்னை மேலும் கீழும் பார்த்து, உனக்குக் காலில் அடிபட்டதா, துணி சுற்றியிருக்கிறாயே என்று கேட்டார். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் பையைத் துழாவினேன். விசைப்பூட்டு இல்லை. விடியத் துவக்கைத் துடைக்கக் கழற்றி, சாப்பாட்டு மேசையில் கலியாணக் கார்ட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டு வந்தது அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது. போட்டி அவசரத்தில் அது இல்லாததை நான் கவனிக்கவே இல்லை.

ஸ்டானிடம் கேட்டிருந்தால் ஒன்று தந்திருப்பார். மூன்று பூட்டுப் பிரசங்கம் செய்கிற நான், வேட்டியோடு நின்று அதைக் கேட்க வெட்கப்பட்டேன். குண்டு அடைக்கிற ரவைக்கூட்டைக் கழற்றினேன், துவக்கு வெறுமை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன், பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டினேன். நேரே வீட்டுக்குத்தான் போகவேண்டும். ஆனால் மண்டபம் வழியில், வீடு அதற்கும் அப்பால். என் கார் தானாகவே மண்டபத்துக்குள் திரும்பியது என்று சொன்னால் அதுவும் அமானுஷ்யம் என்று நினைப்பீர்கள். இல்லை, நான்தான் திருப்பினேன்.

வாளிக்காரர் கண்ணில் படாமல் இருக்க, பார்க்கிங்கின் கடைசி வரிசையில், மதில் ஓரமாக, இரண்டு கார்களுக்கு நடுவில், கோட்டுக்கு உள்ளே அளவெடுத்து விட்டேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கோட்டுக்கு உள்ளே.

தாலிகட்டுக்கு இரண்டு நிமிடம் முந்திப் போய்ச் சேர்ந்து, மகளோடு முன்னமே வந்திருந்த சுகந்தியின் பார்வையை வாங்கி, அறுகரிசி போட்டு மணமக்களை வாழ்த்தி, முதல் பந்தியில் குந்தினேன். கை சோற்றுக்குள் இருக்கும்போது ஒருவர் வந்து பக்கத்தில் நின்றார். உயரமான மனிதர். மண்ணிறக் கோட், எண்ணெய் வைத்து இழுத்த தலை. மாப்பிள்ளை பகுதி ஆளாக்கும் என்று நினைத்தேன்.

"அண்ணை, மதிலடியில நிக்கிற நீலக் கார் உங்கடயோ?"

"ஓம்."

"குறுக்கால நிக்குது. திறப்பைத் தாங்கோ, நான் தள்ளி விடுறன். நீங்கள் எழும்பாதேங்கோ, சாப்பிடுங்கோ."

இனி நீங்கள் என்னை ஏசலாம். ஆனால் நம்முடைய மண்டபங்களில் இது நடக்காத நாள் உண்டா? குறுக்கே நிற்கிறது என்று ஒருவர் கேட்பார், நாம் யார் எவர் என்று கேளாமல் கொடுப்போம், கொடுக்காவிட்டால் அல்லவா மரியாதை கெட்டவன். இடது கையால் ஜாக்கெட்டைத் துழாவித் திறப்புக் கோர்வையை, முழுச் சாவிக்கொத்தையும், அப்படியே நீட்டினேன். கார்த் திறப்பு, வீட்டுத் திறப்பு, பெட்டித் திறப்பு எல்லாம் அதில்தான்.

இரண்டாவது பாயசம் வருகிற நேரம் அவர் திரும்பி வந்து கோர்வையை என் பேப்பர் பிளேற்றுக்குப் பக்கத்தில் வைத்தார். "பூட்டியிருக்கிறன் அண்ணை. இனிப் பயமில்லை," என்றார். என்ன பயம் என்று நான் கேட்கவில்லை. தாங்ஸ் சொல்லிவிட்டு மூன்றாவது பாயசத்துக்குக் கை காட்டினேன்.

கை கழுவிக்கொண்டு நிற்கும்போதுதான் சத்தம் கேட்டது. பின்னால் கடைசி வரிசையில் கார்களை உடைத்துவிட்டார்கள் என்று யாரோ கத்தினார்கள். ஓடிப் போனேன், வேட்டியும் செருப்பும் பனியும். மதில் ஓரத்தில் நின்ற அத்தனை காருக்கும் டிக்கிப் பூட்டைக் குத்தி எடுத்திருந்தார்கள். ஒருவருடைய வீடியோக் கமெரா போயிருந்தது, ஒருவருடைய சேலைப் பெட்டி. நான் விட்ட இடம் வெறுமையாக இருந்தது. என் காரே இல்லை.

அந்த நிமிடத்தில் எனக்குச் சத்தியப்பிரமாணம் நினைவுக்கு வந்தது, மாமி நினைவுக்கு வந்தார். ஆனால் அதற்கு முந்தி வந்தது வேறு. பூட்டுப் போடாத என் துவக்கு இப்போது எவனுடைய கையில்? ஊரில் யாரோ ஒருவன் எங்கேயோ தவறவிட்ட துவக்குகள் எங்கே எங்கே போய் முடிந்தன என்று நான் கண்டவன். இனி இந்த ஊரில் ஒரு தாய் அழுதால் அது என் கணக்கு.

பொலிஸ்காரர் வந்து ஒவ்வொருவரிடமும் எழுதிக்கொண்டிருந்தார். அவரிடம் போய், ஐயா, என் காரைக் காணவில்லை, அதற்குள் ஒரு... என்று தொடங்கினேன். பின்னால் இருந்து சுகந்தி வேட்டியில் பிடித்து இழுத்தாள்.

"என்னப்பா இஞ்ச நிக்கிறியள்? மாப்பிள்ளையின்ர காருக்கு விட்ட இடத்தில எங்கட காரைக் கொண்டுவந்து செருகியிருக்கிறியள். பொம்பிளையின்ர அப்பா கத்துறார்."

நம்பினால் நம்புங்கள், மண்டபத்து வாசலில், எல்லாரும் பார்க்கிற இடத்தில், என் நீலக் கார் மாப்பிள்ளை போல நின்றது. டிக்கியில் ஒரு கீறல் இல்லை. உள்ளே பெட்டி இருந்தது, கையால் தூக்கிப் பார்த்தேன், பாரம் இருந்தது. பொலிஸ்காரரிடம் போய்க் கார் கிடைத்துவிட்டது என்றேன். அவர் என் வேட்டியைப் பார்த்துத் தலையாட்டினார். ஏறி உட்கார்ந்தபோது இன்னொன்று கவனித்தேன். நான் ஐந்தடி மூன்றங்குலம், சீற்றை ஸ்ரியரிங்கோடு ஒட்ட இழுத்து வைத்து ஓடுகிறவன். சீற் நான் விட்டபடியே இருந்தது. அந்த உயர மனிதர் எப்படி உள்ளே மடங்கினாரோ தெரியாது.

நேரே வீட்டுக்குப் போனேன். அறையைப் பூட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்தேன்.

பிஸ்டலின் விசையில் ஒரு பூட்டு இருந்தது.

சாப்பாட்டு மேசைக்கு ஓடினேன். என் பூட்டு கலியாணக் கார்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தபடியே கிடந்தது. இது வேறு. கறுப்பு நிறம், பழசு, விசையையும், சுடும்போது பின்னுக்குப் போகிற மேல் தகட்டையும் சேர்த்துக் கவ்விப் பிடித்திருந்தது, ஒன்றும் அசையவில்லை. எந்தக் கம்பனியின் பெயரும் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், திறப்புப் போடுகிற ஓட்டையும் இல்லை.

விளக்கம் தேடுகிற புத்தி எனக்கும் உண்டு. கோர்வையில் பெட்டித் திறப்பு இருந்தது, ஆகவே அந்த மனிதர் திறந்து பூட்டைப் போட்டிருக்கலாம். சரி. ஆனால் கலியாண வீட்டுக்குச் சட்டைப்பைக்குள் விசைப்பூட்டோடு வருகிற தமிழன் யார்? மாப்பிள்ளை பகுதியில் விசாரித்தேன், பெண் பகுதியில் விசாரித்தேன். பெண் பகுதி மாப்பிள்ளை பகுதி என்றது, மாப்பிள்ளை பகுதி பெண் பகுதி என்றது. கலியாண வீடியோக் கொப்பி வந்ததும் ஆறு மணித்தியாலமும் இருந்து பார்த்தேன். பந்தியில் நான் வருகிறேன், மாடு போல மென்றுகொண்டு. இடது கையால் கோர்வையை நீட்டுகிறேன். அந்த இடத்தில் பாயச வாளியோடு ஒரு அன்ரி கமெராவுக்குக் குறுக்கே போகிறார். அவர் போனதும் என் கை வெறுமை. பக்கத்தில் ஒருவரும் இல்லை.

ஸ்டானிடம் காட்டியபோது, நாற்பது வருடத்தில் இப்படி ஒன்று பார்க்கவில்லை என்றார். துவக்கு வெறுமைதானே என்று கேட்டார். பார்த்துத்தான் வைத்தேன் என்றேன். வெட்டித் தரட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. வியாழக்கிழமை சத்தியப்பிரமாணம் எடுத்தோம். பிஸ்டலை இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன், கிளப்புக்குப் போகவே இல்லை. என்னுடைய சூட்டுக்கு அது ஒரு பெரிய இழப்பு இல்லை.

இரண்டு வருடம் கழித்து, மகள் அலுமாரிக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கத் தொடங்கியபோது, பொலிசுக்கு அழைத்து, இதைக் கொண்டுபோங்கள் என்றேன். வந்து எடுத்துப் போனார்கள். மறுநாள் கையெழுத்து வைக்க வரச் சொன்னார்கள். மேசைக்கு அப்பால் ஒரு நரைமுடி அதிகாரி, எனக்கு முன்னால் ஒரு கடதாசித் தட்டை வைத்தார். அதில் இரண்டாக வெட்டிய கறுப்புப் பூட்டு. பக்கத்தில் ஒரு ரவை.

குழலுக்குள் இருந்தது என்றார். ரவைக்கூட்டைக் கழற்றினால் மட்டும் போதாது, உள்ளே ஏறிய ஒன்று அங்கேயே நிற்கும், கழற்றியபின் மேல் தகட்டைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தாயா என்று அமைதியாகக் கேட்டார். அன்றைக்கு நான் வெறுமை என்று மனதுக்குள் சொன்னேனே தவிர இழுத்துப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்த ரவையோடு மண்டபத்துக்குப் போனேன். அந்த ரவையோடு இரண்டு வருடம் மகளுடைய கட்டிலுக்கு ஒரு சுவர் தள்ளிப் படுத்தேன்.

குண்டு ஏறிய துவக்கில் விசைப்பூட்டுப் போடுவது ஆபத்தான வேலை, ஆனால் இதைப் போட்டவன் விசை ஒரு மயிரளவும் அசையாமல் போட்டிருக்கிறான், யார் போட்டது என்று கேட்டார் அதிகாரி.

நான்தான் என்றேன். கனடாப் பிரஜையாக நான் சொன்ன முதல் பொய்.

அவர் என்னை ஒருதரம் பார்த்தார், கேஸ் போடவில்லை. பூட்டின் இரண்டு துண்டையும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போதும் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. வெட்டிய முகத்தைப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை, வில்லும் இல்லை, பல்லும் இல்லை, முழு இரும்பு.

இன்றைக்கும் ஏதாவது மண்டபத்தில் பந்தியில் இருக்கும்போது, கார் குறுக்கே நிற்கிறது, திறப்பைத் தாருங்கள் என்று யாராவது கேட்டால் எழும்பாமலே கொடுத்துவிடுகிறேன். சுகந்தி ஏசுவாள். நான் முதலில் அண்ணாந்து ஆளுடைய உயரத்தைத்தான் பார்ப்பேன். இதுவரை வந்தவர்கள் எல்லாரும் சாதாரண உயரம், காரும் உண்மையாகவே குறுக்கேதான் நின்றிருக்கிறது.